ஒரு பெயர் போதும்

ஜனவரி 11

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பு பரவாயில்லை. மூன்றாவது மாடிக்கு ஏறும்போது முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? புது மருந்து போட்டுப் பார்த்தாயா?

மிளகு கல்லூரி விடுமுறை முடிந்து பத்திரமாக வந்து சேர்ந்தாள். நீ தைத்துக் கொடுத்தனுப்பிய இரண்டு சட்டையும் அளவாக இருக்கின்றன. உன் மகள் நாள் முழுக்க ஃபோனில் என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தாய். அவளுக்குத் தெரியாமல் பார்த்துச் சொல்வது முறையில்லை என்று தோன்றியது. அவளிடமே கேட்டேன். "ஒளிக்க ஒண்ணுமில்ல மாமா, அம்மாகிட்ட தாராளமா சொல்லுங்க" என்றாள். எனவே எழுதுகிறேன்.

மே மாதம் நகராட்சித் தேர்தல். எங்கள் வார்டுக்குப் புதிய வாக்காளர் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அதில் பலருடைய பெயர் இல்லை. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள் என்று நீக்கியிருக்கிறார்கள். அவர்களோ சாகவுமில்லை, வீடு மாறவுமில்லை. மிளகும் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் மாலை நேரத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்து, அன்றைய எண்ணிக்கையைச் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்கி அதில் போடுகிறார்கள். இதுவரை தொள்ளாயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்கிறார்கள். அது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியவில்லை.

தோழிக்குத் தலைமுடியை வைத்துச் சுருட்டை என்று பெயர். அம்மா மட்டும்தான். ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறார். சுருட்டை என் சமையலறையில் டப்பாக்களின் மேல் நான் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த வீட்டுத் தூசிக்கும் நம்பர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருடம் புள்ளிவிவர அலுவலகத்தில் மற்றவர்கள் போட்ட அட்டவணைகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் வீடு வேறு எப்படி இருக்கும்.

இவர்கள் செய்வது நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கூட்டல் சரியாக இருக்கிறது. அதை மட்டும் பார்த்தேன்.

வழக்கம்போலக் கார்பன் வைத்து எழுதிப் பிரதியை நான் வைத்துக்கொண்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜனவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். மருந்து போட்டதில் தலையணை உறை கறையானதுதான் மிச்சம். பட்டறையில் நாற்பது தையல் மெஷின் ஓடுகிறது, எனக்கு எங்கோ தூரத்தில் மழை பெய்கிற மாதிரிதான் இருக்கிறது. அதனால் இனிமேல் ஃபோனில் பேசுவது ஆகாத காரியம். என்னுடைய ஃபோனும் படம் காட்டாத பழைய ஃபோன். உங்கள் மருமகள் எனக்கு அனுப்புகிற செய்தி எல்லாம் "சாப்டேன்", "தூங்கப் போறேன்" இரண்டுதான். மூன்றாவதாக ஒன்று அவள் வாழ்க்கையில் நடப்பதாகவே தெரியவில்லை.

அவள் என்ன எழுதுகிறாளோ அதை நீங்கள் அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள் அண்ணா. ஒரு வார்த்தை விடவேண்டாம். அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். எனக்கு இப்போது நீங்கள்தான் காது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அவளுக்குக் கிடைத்திருப்பது உதவித்தொகை இடம். நடத்தையில் ஒரு சின்னப் புள்ளி விழுந்தாலும் எடுத்துவிடுவார்கள் என்று சேரும்போதே எழுதி வாங்கினார்கள். என் பெண் இந்த மெஷினில் வந்து உட்காரக்கூடாது. அதற்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சோம்பல் படாதீர்கள்.

தங்கை


பிப்ரவரி 15

தாள் 1

அன்புத் தங்கைக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன். குறைந்திருக்கிறது, அல்லது குறைந்ததாக நானே நினைத்துக்கொள்கிறேன்.

நீ கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன். இதுவரை 412 வீடுகள் போயிருக்கிறார்கள். 187 பெயர்கள் இல்லை. போன வாரம் ஒரு பஸ் கண்டக்டரைப் படம் பிடித்துப் போட்டார்கள். பட்டியலில் அவர் இறந்துவிட்டார். "நான் செத்துட்டேன்னா தினம் எட்டு மணி நேரம் டிக்கெட் கிழிக்கிறது யாரு? என் பேயா? அப்ப பேய்க்குச் சம்பளம் ஏத்திக் குடுங்க" என்று அவர் சொல்கிறார். ஆறு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் இப்போது அறுபதாயிரம். எனக்கு அந்த எண் பயமாக இருக்கிறது. நான் பார்த்த அட்டவணைகளில் அறுபதாயிரம் பேர் பேசாமல் இருப்பார்கள்.

நேற்று மாலை ஒரு காரியம் செய்தேன். சரியா என்று நீதான் சொல்லவேண்டும். இரண்டு பேரும் பட்டியலைப் பார்த்து எழுதி வந்த பக்கங்களைத் தரையில் பரப்பிவைத்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். நான் பொறுக்கமாட்டாமல், "ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே சரிபார்த்தவர் கையெழுத்து இருக்கும். கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்லவேண்டும். அதைக் காட்டிக் கேளுங்கள்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரு யோசனையை யாரும் இவ்வளவு வேகமாக எடுத்துக்கொண்டதில்லை. மிளகு உடனே வார்டு அலுவலகத்துக்கு ஓடி, ஒட்டியிருந்த பட்டியலின் கையெழுத்தைப் படம் எடுத்து வந்தாள்.

அவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாமா என்று பேச்சு வந்தது. சுருட்டை சொன்னது: "கையில ஒண்ணும் எடுத்துட்டுப் போகக் கூடாது. கூச்சல் போடக் கூடாது. வாசல்ல நின்னு, கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி ஒவ்வொரு பேரா வாசிக்கணும். அவங்கவங்க 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும். முடிஞ்சதும் வந்துடணும்." மிளகு, "அவர் 'ஆப்சென்ட்'னு போட்டுட்டா?" என்று கேட்டாள். மூவரும் வெகுநேரம் சிரித்தோம். நானும்தான்.

தாள் 2

சிரித்து முடித்ததும், என்ன எழுதுவது என்பதில் தகராறு. மிளகு, "தயவுசெய்து பதில் சொல்லுங்கள்" என்று எழுதலாம் என்றாள். "நீ என்ன லீவ் லெட்டரா எழுதறே, தள்ளு" என்று சுருட்டை ஃபோனை வாங்கித் தானே எழுதினாள். கையெழுத்துப் படத்துக்குக் கீழே அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"கையெழுத்துப் போட்டவரே, உங்கள் வீடு எங்களுக்குத் தெரியும். வாசலுக்கே வருகிறோம். நீங்கள் சாகடித்தவர்கள் ஒவ்வொருவரும் வருவோம். கதவைத் திறந்து வைத்திருங்கள்."

கொஞ்சம் காரம்தான். ஆனால் பிழை ஒன்றும் இல்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். மழை தூரத்தில் பெய்வதாக நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். பட்டறையில் பொத்தான் தைக்கிற பெண்ணிடம் நல்ல ஃபோன் இருக்கிறது. அவள் அந்தக் கண்டக்டரை எனக்குக் காட்டினாள். எல்லாரும் கூடி நின்று சிரித்தார்கள். "உங்க பொண்ணா எடுத்தது?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பொய் சொல்வானேன்.

பிறகு உங்கள் இரண்டாம் தாளைத் திரும்பப் படித்தேன். முதல் தாளைப் படித்த எனக்கு அது விளையாட்டு என்று தெரியும். அறுபதாயிரம் பேருக்கு முதல் தாள் எங்கே போயிற்று? அதை எடுத்துவிடச் சொல்லுங்கள் அண்ணா. நீங்கள் சொன்னால் கேட்பாள்.

உங்களுக்கும்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து உங்களுக்கு ஏன் இந்த யோசனை சொல்கிற வேலை? சும்மா இருக்கத் தெரிந்தவர் என்று உங்களை நம்பித்தானே அங்கே விட்டேன்.

கோபமில்லை. சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

தங்கை


மார்ச் 13

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் மூவரும் நலம். முதலில் அதைப் படித்துக்கொள்.

உன் கடிதம் 6-ஆம் தேதி வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். அதில் மூன்று நாள் போயிற்று.

9-ஆம் தேதி மாலை, பட்டியலில் கையெழுத்துப் போட்ட அந்த அலுவலரின் வீட்டு முன் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். இவர்கள் யாரையும் அழைக்கவில்லை. எந்த நாளில் போவது என்றே முடிவு செய்திருக்கவில்லை. கூடியவர்களில் ஒருவரைக்கூட இவர்களுக்குத் தெரியாது. எங்கள் சமையலறையில் உட்கார்ந்து ஃபோனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ கல் எறிந்தார்கள். ஜன்னல் உடைந்து அலுவலருடைய மனைவிக்கு நெற்றியில் ஆறு தையல். சுருட்டை தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நாங்க கூப்பிட்டது இதுக்கில்ல மாமா" என்றாள். அதையே நான்கைந்து முறை சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்றே எல்லாப் பதிவுகளையும் நீக்கிவிட்டார்கள். பக்கமே இப்போது இல்லை. நீக்கியதற்காக அந்த அறுபதாயிரம் பேரில் பலர் இவர்களைத் துரோகிகள் என்று மூன்று நாள் திட்டினார்கள். நான்காம் நாள் ஒரு நடிகரின் கல்யாணச் செய்தி வந்தது. அங்கே போய்விட்டார்கள்.

கல்லூரியிலிருந்து இருவருக்கும் விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. காவல் நிலையத்திலும் புகார் பதிவாகியிருக்கிறது. ஒழுங்காகப் பதில் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்புகிறேன். எதை வைத்து நம்புகிறேன் என்று கேட்காதே.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

நான் எப்படி இருப்பேன்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லீவ் கேட்டேன். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் முடியும்வரை யாரும் நகரக்கூடாது என்கிறார்கள். நான் வந்தாலும் என்ன செய்யப்போகிறேன்? அவர்கள் கேட்கிற கேள்விகூட என் காதில் விழாது.

அந்தப் பெண்தானே எழுதினாள். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ஃபோனைப் பிடுங்கி அவளே எழுதினாள் என்று. என் மகள் தயவுசெய்து என்றுதானே எழுதச் சொன்னாள். இதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லையா?

எப்படியாவது அண்ணா. எப்படியென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்படியாவது.

தங்கை


ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவேண்டும். நல்ல செய்தி கையில் வந்ததும் எழுதலாம் என்று இருந்தேன். வந்துவிட்டது. மிளகின் இடம் நிலைத்துவிட்டது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். காவல் நிலையப் புகாரிலும் அவள் இல்லை.

விசாரணை அலுவலர் வீட்டுக்கே வந்திருந்தார். மிளகு அப்போது வகுப்பில் இருந்தாள். மரியாதை தெரிந்த மனிதர். என் அலமாரியைப் பார்த்து, "கோப்பெல்லாம் தேதிவாரியா வச்சிருக்கீங்களே, எங்க ஆபீஸ்லயே இப்படிக் கிடையாது சார்" என்றார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்: "நீங்களும் அரசாங்க வேலை பார்த்தவர். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. எழுதினது யாருன்னு மேல கேக்கறாங்க. ரெண்டு பிள்ளைங்க வாழ்க்கையும் போகணும்னு யாருக்கும் ஆசையில்ல. ஒரு பேர் போதும்."

என்னிடம் இருந்த விவரத்தைக் கொடுத்தேன். அவர்களும் பரிசீலித்து முடிவெடுத்தார்கள்.

குளியலறைக் குழாய் மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டேன். இப்போது சொட்டுவதில்லை. மற்ற வீட்டு விஷயம் ஒன்றும் விசேஷமில்லை.

அண்ணன்


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, மெஷினை நிறுத்தி, கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மேஸ்திரி திட்டினார். வாய் அசைந்தது, எனக்கு என்ன போயிற்று. நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம்.

இரண்டு சந்தேகம். என்ன விவரம் கொடுத்தீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிற நீங்கள் குழாயைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு அதை விட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று, மிளகு எனக்குச் செய்தி அனுப்பிப் பதினாறு நாள் ஆகிறது. "சாப்டேன்" கூட இல்லை. அவள் சாப்பிடுகிறாளா?

அந்தச் சுருட்டைக்கு என்ன ஆயிற்று?

தங்கை


ஏப்ரல் 19

அம்மா,

நான் உனக்கு லெட்டர் எழுதறது இதுதான் முதல் தடவை. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன். சுருட்டையோட அம்மாகூட அவங்க ரூம்ல இருக்கேன். மாமா வீட்டை விட்டு வந்து இருபது நாளாச்சு. மாமா சொல்லியிருக்க மாட்டார்.

சுருட்டையைக் காலேஜ்ல இருந்து நீக்கிட்டாங்க. மார்ச் 30-ல இருந்து காவல்ல இருக்கா. அலுவலர் வீட்டுல கல் எறியச் சொல்லித் தூண்டினதா கேஸ். சாட்சி என்ன தெரியுமா? நீ கேட்டு மாமா உனக்கு எழுதின லெட்டர். பதிவை நாங்க அழிச்சுட்டோம், யார் எழுதினதுன்னு அவங்களால நிரூபிக்க முடியல. மாமாகிட்ட கார்பன் காப்பி இருந்துச்சு. ரெண்டாம் தாளை மட்டும் எடுத்துக் குடுத்திருக்கார். விசாரணைக் கூடத்துல ஒருத்தர் அதைச் சத்தமா படிச்சார். மாமா கையெழுத்து உனக்குத்தான் தெரியுமே. யாரும் தப்பாப் படிக்கவே முடியாது.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம்னு நான் எழுந்து சொன்னேன். "உங்க மாமா தெளிவா எழுதியிருக்காரும்மா, உட்காருங்க"ன்னாங்க. சுருட்டை என்னைத் திரும்பிப் பார்த்தா. எனக்கு முன்னாடியே தெரியும்னு நினைச்சுட்டாளோ என்னவோ. அதுக்கப்புறம் அவளைப் பார்க்க விடல.

வக்கீல் அக்கா சொல்றாங்க, முதல் தாள் கிடைச்சா போதும்னு. கையில ஒண்ணும் எடுத்துட்டுப் போகக் கூடாது, அட்டெண்டன்ஸ் மாதிரி பேரு வாசிக்கணும்னு அவ சொன்னதெல்லாம் அதுல இருக்கும், மாமா ஒரு வார்த்தை விடமாட்டார். போட்டோ எடுத்தது நான், யோசனை மாமாவோடதுன்னும் இருக்கும். மாமாகிட்ட கேட்டேன். அந்தக் காப்பி இல்லைன்னார். என் முகத்தைப் பார்க்காம சொன்னார்.

உன்கிட்ட அசல் இருக்கு. நீ எதையும் தூக்கிப் போட மாட்டே. அதை வக்கீல் அட்ரஸுக்கு அனுப்பும்மா. அட்ரஸ் பின்னாடி எழுதியிருக்கேன். என் சீட் போனா போகட்டும்.

மிளகு


ஏப்ரல் 24

அண்ணா,

மிளகின் கடிதம் வந்தது. அதைப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்களைப்போலவே.

முதல் தாள் என் முன்னால் இருக்கிறது. அனுப்பினால் அந்தப் பெண் வெளியே வருவாள் என்கிறார்கள். அதே தாளில் என் மகள் ஓடிப்போய்ப் படம் எடுத்தது இருக்கிறது. நீங்களும் இருக்கிறீர்கள். ஓய்வூதியம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நான் என்ன செய்யவேண்டும்? இதை நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி போதும்.

தங்கை


மே 9

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கேட்கமாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

விசாரணை அலுவலர் வந்த அன்று கோப்பை எடுத்து பிப்ரவரிக் கடிதத்தைப் பிரித்தேன். இரண்டு தாளும் என் கையில்தான் இருந்தன. முதல் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டாவதை நீட்டினேன். அவர், "இது ரெண்டாம் தாள்தானே?" என்று கேட்டார். "முதல் தாள் குடும்ப விஷயம்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் போனதும் அதைக் கிழித்தேன். என் வாழ்க்கையில் நான் கிழித்த முதல் பிரதி.

மிளகுக்காகச் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மிளகை மட்டும் காப்பாற்றுவதென்றால் அந்தப் படம் எடுத்த வரியை மறைத்தால் போதும். யோசனை என்னுடையது என்று வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே 2-ஆம் தேதி அந்த வக்கீலின் அலுவலகத்துக்குப் போனேன். என்ன சொல்லவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கைவிரல்கள் சோப்பில் ஊறி வெளுத்து, நகக்கண்கள் வெடித்திருந்தன. யாரென்று புரிந்துவிட்டது. அவளுக்கு என்னைத் தெரியாது. நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். "உங்களுக்கு என்ன கேஸுங்க ஐயா?" என்று கேட்டாள். "தப்பான விலாசத்துக்கு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். "பார்த்துப் போங்க, அந்தக் கடைசிப் படி உடைஞ்சிருக்கு" என்றாள்.

நேற்று தேர்தல் நடந்தது. நான் போகவில்லை.

நீ ஒரு வரி கேட்டாய். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். "அனுப்பு" என்று எழுதினால் உன் மகளை நான் எடுத்துக் கொடுத்ததாகிறது. "அனுப்பாதே" என்று எழுதினால், அதையும் என் கையாலேயே எழுதியதாகிறது. நீ எது செய்தாலும் சரி. இது பதில் இல்லை என்பது எனக்குத் தெரிகிறது.

அண்ணன்


ஜூன் 20

அண்ணாவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

மிளகு போன மாதம் 28-ஆம் தேதி இங்கே வந்தாள். படிப்பை விட்டுவிட்டாள். யாரும் நீக்கவில்லை, அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். பையைக் கீழே வைத்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராக என் பெட்டியைத் திறந்து, உங்கள் கடிதங்களை எடுத்து, தேதிவாரியாகத் தரையில் அடுக்கினாள். பிப்ரவரி 15 கிடைத்தது. அது இரண்டாம் தாளில்தான் தொடங்கியது.

தபாலில் வந்ததே அப்படித்தான் என்றேன். "மாமா ஒண்ணு போடாம ரெண்டு போடமாட்டாரும்மா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாக் கடிதத்தையும் பழையபடி வரிசையாகக் கட்டிவைத்தாள்.

அந்தத் தாள் இனி எங்கும் இல்லை அண்ணா. உறைக்குள் போட்டு, வக்கீல் விலாசம் எழுதி, தபால்பெட்டி வரைக்கும் இரண்டு தரம் போயிருக்கிறேன். அதில் நீங்கள் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை தரம் படித்தாலும் எனக்கு ஒருத்தி மட்டும்தான் கண்ணில் பட்டாள். நீங்கள் பதில் எழுதாமல் எழுதிய அந்தக் கடிதம் வந்த அன்று காரியம் முடிந்துவிட்டது. உங்கள்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. நீங்கள் "அனுப்பு" என்று எழுதியிருந்தாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். அடுத்த மாதம் வழக்கு வருகிறதாம். மிளகு போய்ச் சாட்சி சொல்லப்போகிறாள். கையில் தாள் இல்லாத சாட்சியை யார் எழுதிக்கொள்வார்கள் என்று வக்கீலே சொல்லிவிட்டாராம். பகலில் என்னோடு பட்டறைக்கு வந்து பொத்தான் தைக்கிறாள். வேலை சுத்தம். மேஸ்திரிக்குப் பிடித்துப்போயிற்று.

என் காது மந்தமான நாளிலிருந்து அவள் பேசுவதை நான் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அது அவளுக்குப் பழகிவிட்டது. எங்கே இருந்தாலும் ஓடிவந்து என் முன்னால் நின்று, முகத்தைத் தூக்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள். இப்போது எதையாவது பேசவேண்டுமென்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பேசுகிறாள் என்பது அவள் தோளைப் பார்த்தால் தெரிகிறது. நேற்று வெகுநேரம் பேசினாள். நான் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கம் திரும்பு என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை